ஓர் ஆள் போனால் ஒரு ஸ்வரம் போகும்: டெல்-வைக்கிங்ஸின் 1957

1957 கோடையில் அமெரிக்க வானொலியில் டெல்-வைக்கிங்ஸ் என்ற ஒரே பாடகர் குழுவின் பெயரில் இரண்டு புதுப் பாட்டுகள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று ‘விஸ்பரிங் பெல்ஸ்’. டாட் நிறுவனத்தின் இசைத்தகடு. இன்னொன்று ‘கூல் ஷேக்’. அது மெர்குரி நிறுவனத்துடையது. டாட் தகட்டில் குழுவின் பெயரில் ‘எல்’ எழுத்து இரண்டு இருக்கும். மெர்குரி தகட்டில் ஒன்றுதான். தலைமைக் குரலும் வேறு வேறு. நாட்டின் வெற்றிப் பாட்டுப் பட்டியலில் முதல் பாட்டு ஒன்பதாம் இடம் வரை போனது, இரண்டாவது பன்னிரண்டாம் இடம் வரை. அதற்குச் சில மாதம் முன்புதான் இதே பெயரில் வந்த ‘கம் கோ வித் மீ’ நான்காம் இடத்தைத் தொட்டிருந்தது.

ஒரே ஆண்டில் மூன்று வெற்றி. அதன்பின் டெல்-வைக்கிங்ஸின் எந்தப் புதுப் பாட்டும் முதல் நாற்பதுக்குள் வரவில்லை. “கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பாடிய குழு, அந்தக் காலத்து அமெரிக்கா விடுமா?” என்று பலரும் ஒரே வரியில் காரணம் சொல்லிவிடுவார்கள். நிறவெறிக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் டெல்-வைக்கிங்ஸை முதலில் பிரித்தது அது இல்லை. அவர்கள் எங்கே சேர்ந்தார்கள், எப்படிப் பாடினார்கள், எந்தக் காகிதத்தில் யார் எந்த வயதில் கையெழுத்துப் போட்டார்கள் என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் கதை பிடிபடும்.

அவர்கள் சேர்ந்த இடம் பிட்ஸ்பர்க் விமானப்படைத் தளம். 1955 வாக்கில் அங்கே பணியில் இருந்த வீரர்கள் வேலை நேரம் முடிந்ததும் கூடிப் பாடத் தொடங்கினார்கள். அமெரிக்கப் படைகளில் நிறப் பாகுபாட்டை நீக்கும் ஆணையை அதிபர் ட்ரூமன் 1948 ஜூலை 26 அன்று பிறப்பித்தார். அடுத்த ஆண்டே விமானப்படை அதை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ஆகவே 1955இல் ஒரு கறுப்பினப் பையனும் ஒரு வெள்ளையினப் பையனும் ஒரே குடியிருப்பில் படுத்து, ஒரே சாப்பாட்டுக்கூடத்தில் சாப்பிட்டு, சாயங்காலம் ஒரே மூலையில் நின்று பாடுவதற்கு விமானப்படைத் தளத்தில் தடை இல்லை. அந்த வசதி நாட்டின் பெரும்பாலான தெருக்களில் அன்று கிடையாது. தெரு முனையில் உருவான குழு அந்தத் தெருவின் நிறத்தையே கொண்டிருக்கும். டெல்-வைக்கிங்ஸ் கலப்புக் குழுவாக அமைந்ததற்குப் பெரிய காரணம் இந்தத் தளம்தான்.

குழு சிதறியதற்கும் முதல் காரணம் அதே தளம். ஆரம்பத்தில் இருந்தவர்கள் ஐவர்: கிளாரன்ஸ் குவிக், கொரிந்தியன் ‘கிரிப்’ ஜான்சன், சாமுவேல் பாட்டர்சன், டான் ஜாக்சன், பெர்னார்ட் ராபர்ட்சன். ஐவரும் கறுப்பினத்தவர்கள். பாட்டர்சனுக்கும் ராபர்ட்சனுக்கும் ஜெர்மனிக்கு மாற்றல் வந்தது. அவர்கள் இடத்துக்கு நார்மன் ரைட்டும் டேவ் லெர்ச்சியும் வந்தார்கள். லெர்ச்சி வெள்ளையர். பிறகு டான் ஜாக்சனும் ஜெர்மனிக்குப் போக, அந்த இடத்தில் இன்னொரு வெள்ளையரான கஸ் பேக்கஸ் சேர்ந்தார். கலப்புக் குழு தொடங்குவோம் என்று யாரும் திட்டம் போடவில்லை. காலியான குரலுக்குப் பொருந்தும் குரல் தளத்தில் யாரிடம் இருந்ததோ அவரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இங்கே அந்த இசையின் உள்ளமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஓர் ஆள் மாறுவது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியாது.

அவர்கள் பாடிய குழுப்பாட்டு வகைக்கு டூ-வாப் என்ற பெயர் 1960களில்தான் ஒட்டிக்கொண்டது. அதன் அடிப்படை எளிது. ஐந்து குரலில் ஒன்று தலைமைக் குரல், பாட்டின் வரிகளைப் பாடும். முதல் டெனர், இரண்டாம் டெனர் என்ற இரண்டு உயர்ந்த ஆண்குரல்கள், பாரிடோன் என்ற நடுக்குரல் ஆகிய மூவரும் பின்னால் ஒரு ஸ்வரக்கூட்டை, அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சில ஸ்வரங்களை, பிடித்து நிற்பார்கள். பேஸ் என்ற மிகத் தாழ்ந்த குரல் அடியில் தாளமும் ஆதாரமுமாக நடக்கும். கிட்டார் வாங்கக் காசில்லாத பையன்கள் குரலாலேயே கிட்டாரையும் டபுள் பேஸையும் செய்துகொண்ட முறை இது.

சங்கராபரணத்தின் ஸ்வரங்களை வைத்தே இதைப் பாடிப் பார்க்கலாம். அந்தக் காலத்துப் பாட்டுகளில் நூற்றுக்கணக்கானவை நான்கு ஸ்வரக்கூட்டுகளைத் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. முதல் கூட்டு ச–க–ப. பாரிடோன் ஆள் ச, இரண்டாம் டெனர் க, முதல் டெனர் ப. அடுத்த கூட்டு ச–க–த. முதல் டெனர் மட்டும் ப-விலிருந்து த-வுக்கு ஏறினால் போதும், மற்ற இருவரும் அசைய வேண்டாம். மூன்றாவது ச–ம–த. இப்போது இரண்டாம் டெனர் மட்டும் க-விலிருந்து ம-வுக்குப் போகிறார். நான்காவது நி–ரி–ப. இங்கேதான் மூவரும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டும்: ச கீழ் நி-க்கு, ம ரி-க்கு, த ப-வுக்கு. திரும்ப ச–க–ப வரும்போது ப அப்படியே நிற்க, மற்ற இரண்டும் ஏறும். பேஸ் ஆள் அடியில் ச, கீழ் த, கீழ் ம, கீழ் ப என்று ஒவ்வொரு கூட்டின் ஆதார ஸ்வரத்தை மட்டும் அடித்துக்கொண்டே போவார்.

ஒருவர் அசைய இருவர் நிற்பது என்ற இந்த ஏற்பாட்டால்தான் இசை படிக்காதவர்களும் இதை ஒரு மாலையில் கற்றுக்கொள்ள முடிந்தது. நிற்கிறவரின் சுருதியைக் காதில் பிடித்துக்கொண்டுதான் அசைகிறவர் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறார். தவறு பெரும்பாலும் நேர்வது நான்காவது கூட்டில். பிடித்துக்கொள்ள நிலையான குரல் ஒன்றுகூட இல்லாததால் மூவரும் கொஞ்சம் அதிகமாக இறங்கிவிடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை இறங்கினாலும் பாட்டு முடிவதற்குள் சுருதி கணிசமாகத் தாழ்ந்துவிடும். சில பாட்டுகளில் மூன்றாவது கூட்டாக ச–ம–த-வுக்குப் பதில் ரி–ம–த வரும். இரண்டு ஸ்வரம் பொது என்பதால் காதுக்கு உறவுக்காரர் போலத்தான் இருக்கும். ஆனால் அதுவரை நின்ற இடத்திலேயே நின்ற பாரிடோன் ஆளும் அசைந்தாக வேண்டும். பயிற்சி இன்னும் கூடுதலாகத் தேவைப்படும்.

இப்போது இரண்டாம் டெனரை எடுத்துவிட்டுப் பாடிப் பாருங்கள். ச-வும் ப-வும் மட்டும் மிஞ்சும். க இல்லாவிட்டால் அது மகிழ்ச்சியான கூட்டா சோகமான கூட்டா என்றே காதுக்குத் தெரியாது, வெற்றாக ஒலிக்கும். ஒரு கிட்டார்க்காரர் விலகினால் அதே ஸ்வரங்களை வாசிக்க இன்னொரு கிட்டார்க்காரர் கிடைப்பார். இங்கே புதிதாக வருபவரின் குரல் எடை, மூச்சின் நீளம், ‘ஊ’, ‘ஆ’ என்று உச்சரிக்கும்போது வாய் திறக்கும் அளவு எல்லாம் மற்ற இருவரோடு இழைய வேண்டும். மாற்றல் உத்தரவு ஒவ்வொரு முறை வந்தபோதும் டெல்-வைக்கிங்ஸ் இந்த வேலையை முதலிலிருந்து செய்தார்கள். அப்படியும் அவர்களுடைய தகடுகளில் குரல்கள் இவ்வளவு நெருக்கமாக ஒட்டி நிற்பதைக் கேட்கும்போது எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வருகிறது.

‘கம் கோ வித் மீ’ கிளாரன்ஸ் குவிக் எழுதியது. அவர்தான் பேஸ் குரலும். பாட்டைத் தொடங்கும் ‘டம் டம்’ அசைகளில் எல்லோரும் சேர்ந்து விழுந்தாலும் நம்மை இழுத்துக்கொண்டு போவது அடிக்குரல்தான். எழுதியவரே அடியில் நின்று பாடுகிறவர் என்பது பாட்டின் கட்டுமானத்தில் தெரிகிறது. தலைமைக் குரல் நார்மன் ரைட். பதிவின்போது டான் ஜாக்சன் இன்னும் குழுவில் இருந்தார், பேக்கஸ் சேரவில்லை. எனவே நான்காம் இடம் போன அந்தத் தகட்டில் கேட்கும் ஐந்து குரலில் வெள்ளையர் குரல் லெர்ச்சியுடையது மட்டுமே.

தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் வானொலி அறிவிப்பாளர் பேரி கே தன் வீட்டு நிலவறையில் அவர்களை வாத்தியம் ஏதுமில்லாமல் பாடவைத்துப் பதிவு செய்தார். உள்ளூரில் ஃபீ பீ என்ற சிறு நிறுவனம் நடத்திய ஜோ அவர்பாக் குழுவை எடுத்துக்கொண்டு வாத்தியங்களோடு பாடவைத்தார். 1956 இறுதியில் தகடு வெளிவந்தது. அந்த நிலவறை நாடாக்கள் பின்னர் வேறொரு சிறு நிறுவனத்தின் கைக்குப் போய், மேலே வாத்தியங்கள் ஒட்டப்பட்டு ஆல்பமாக வந்தன. வெறுங்குரல் பதிவின் மேல் பின்னால் வாத்தியம் சேர்ப்பது எப்போதுமே சிக்கலான வேலை. வெறுங்குரலில் பாடும்போது வேகம் மூச்சுக்கேற்பக் கூடும் குறையும், சுருதியும் இறங்கும். பியானோவின் சுருதி இறங்காது. அதனால் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் ஒரு பக்கமுமாக இழுக்கும். ஒற்றைத் தடப் பதிவில் ஐந்து குரலும் ஒரே கோட்டில் கலந்துவிட்டிருப்பதால் யாருடைய குரலையும் தனியாக ஏற்றவோ குறைக்கவோ பிற்பாடு வழியில்லை. பாடும்போது மைக்கிலிருந்து யார் எத்தனை அடி தள்ளி நின்றார்கள் என்பதுதான் முடிவான கலவை.

தகடு பிட்ஸ்பர்க்கில் சூடு பிடித்தவுடன் ஃபீ பீ போன்ற நிறுவனங்களுக்கு வழக்கமாக வரும் நெருக்கடி வந்தது. சிறு நிறுவனத்துக்குத் தோல்வியைவிட வெற்றி ஆபத்தானது. தகடு அச்சிடும் ஆலைக்கு முன்பணம் கட்ட வேண்டும். ஆனால் விநியோகஸ்தர்கள் பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள், விற்காததைத் திருப்பியும் அனுப்பலாம். பாட்டு எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு வேகமாக முதலாளியின் கைப்பணம் கரையும். எனவே மூலப்பதிவை நாடெங்கும் விநியோகம் உள்ள பெரிய நிறுவனத்துக்குக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். 1957 தொடக்கத்தில் ‘கம் கோ வித் மீ’ அப்படித்தான் ராண்டி வுட்டின் டாட் நிறுவனத்துக்குப் போனது. கறுப்பினப் பாடகர்களின் வெற்றிப் பாட்டுகளை பேட் பூன் போன்ற வெள்ளையரை வைத்து மறுபடி பாடவைத்துச் சம்பாதித்ததற்குப் பேர்போன நிறுவனம் டாட். இந்த முறை அசல் பதிவையே அது வெளியிட்டது.

நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறு தகடுகள் பெரும்பாலும் வெறும் காகித உறையில் விற்றன, படம் கிடையாது. வானொலியில் கேட்பவருக்குப் பாடுகிறவரின் நிறம் தெரியாது. பொதுப் பட்டியலில் நான்கு, கறுப்பின இசைக்கான ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் இரண்டு என்று இரு பக்கமும் ஏறியதற்கு இதுவும் உதவியது. பட்டியல் என்றவுடன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இன்று எல்லோரும் சொல்லும் ‘ஹாட் 100’ 1958 ஆகஸ்டில்தான் தொடங்கியது. 1957இல் பில்போர்ட் இதழ் கடை விற்பனைக்கு ஒன்று, வானொலி ஒலிபரப்புக்கு ஒன்று, எல்லாம் சேர்ந்த ‘டாப் 100’ என்று தனித்தனியாகப் பட்டியல்கள் போட்டது. அந்தக் காலத்துப் பாட்டுகளுக்கு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு எண்கள் சொல்லப்படுவது இதனால்தான்.

பிறகு வந்தது ஒப்பந்தப் பிரச்சினை. அமெரிக்காவில் அன்று ஒப்பந்தத்துக்கான முழு வயது 21. அதற்குக் கீழே உள்ளவர் போட்ட ஒப்பந்தத்தை அவர் விரும்பினால் ரத்து செய்துகொள்ளலாம், எதிர்த்தரப்பால் முடியாது. ஃபீ பீயுடன் கையெழுத்திட்டபோது டெல்-வைக்கிங்ஸில் 21 வயது நிரம்பியிருந்தவர் கிரிப் ஜான்சன் ஒருவர்தான். பாட்டு பட்டியலில் ஏறி, பெரிய நிறுவனமான மெர்குரி அழைத்ததும், குழுவின் மேலாளர் இந்த ஓட்டையைப் பயன்படுத்தினார். மற்ற நால்வரும் பழைய ஒப்பந்தத்தை உதறிவிட்டு மெர்குரிக்குப் போனார்கள். ஜான்சனால் போக முடியவில்லை.

போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படைச் சம்பளத்தில் இருந்த இருபது வயதுப் பையன்களுக்கு முன்னால் ஒரு பெரிய வாய்ப்பு வந்து நின்றது. ஆனால் அந்த முடிவால் ஐந்து குரல் நான்காகவும் ஒன்றாகவும் உடைந்தது. ஜான்சன் இடத்துக்கு மெர்குரி அணியில் வில்லியம் பிளேக்லி வந்தார். ஜான்சன் பழைய நண்பர் டான் ஜாக்சனையும் வேறு சிலரையும் சேர்த்து இன்னொரு டெல்-வைக்கிங்ஸை உண்டாக்கினார். அதில் சேர்ந்த சக் ஜாக்சன் பிற்பாடு தனிப் பாடகராகப் பெரும் பெயர் எடுத்தார்.

கோடையில் மோதிய இரண்டு பாட்டுகளில் ‘விஸ்பரிங் பெல்ஸ்’ ஜான்சன் தலைமையில் பாடியது, ‘கூல் ஷேக்’ பேக்கஸ் தலைமையில் பாடியது. ஒரு நிறுவனம் தன் குழுவின் அடுத்த பாட்டை முந்தைய பாட்டு இறங்கத் தொடங்கும்போதுதான் விடும். ஒரே பெயரில் இரண்டு பாட்டை ஒரே வாரத்தில் ஓட்டும்படி வானொலிக்காரரிடம் எந்த விற்பனையாளரும் கேட்கமாட்டார். இங்கே இரண்டு நிறுவனங்கள் அதைத்தான் செய்தன. கடைக்குப் போய் “டெல்-வைக்கிங்ஸின் புதுத் தகடு கொடுங்கள்” என்று கேட்பவருக்கு எதைக் கொடுப்பது? இரண்டும் சேர்ந்தே முதல் இருபதுக்குள் வந்தது பாட்டுகளின் தரத்தைக் காட்டுகிறது. ஆனால் இரண்டு வெற்றிக்கான சரக்கு ஒரே பருவத்தில் செலவழிந்துவிட்டது. பெயர் யாருக்கு என்ற வழக்கில் முடிவு மெர்குரி பக்கம் போனது. ஜான்சன் கையில் குரல் இருந்தது, பெயர் இல்லை. மெர்குரி கையில் பெயர் இருந்தது, முதல் பாட்டின் கலவை இல்லை. டாட்டுடனான கட்டு முடிந்ததும் 1958இல் ஜான்சன் பழைய நண்பர்களிடமே திரும்பிவிட்டார். அதற்குள் கேட்பவர்களின் காது வேறு பக்கம் போயிருந்தது.

நிறவெறி எங்கே நுழைந்தது? சுற்றுப்பயணத்தில். தகடு விற்பனையைவிட மேடைதான் அன்றைய குழுக்களுக்கு ரொக்கம் தந்தது. தென் மாநிலங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே விடுதியில் தங்கவோ ஒரே மேசையில் சாப்பிடவோ சட்டம் விடாது, பல ஊர்களில் ஒரே மேடையில் நிற்கவும் விடாது. 1956 ஏப்ரலில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோல் வெள்ளையர் நிறைந்த அரங்கில் பாடிக்கொண்டிருந்தபோதே வெள்ளை இனவெறியர்கள் மேடையேறி அவரைத் தாக்கினார்கள். 1957 இலையுதிர் காலத்தில் பல பாடகர்களைச் சேர்த்துப் புறப்பட்ட பெரிய பயண நிகழ்ச்சி ஒன்றில், தெற்கின் சில ஊர்களில் பட்டி ஹாலியின் குழு போன்ற வெள்ளையக் கலைஞர்கள் விலகி நிற்க வேண்டியிருந்தது. அவர்கள் தனித்தனிக் குழுக்கள் என்பதால் அது முடிந்தது. கலப்புக் குழு என்ன செய்யும்? லெர்ச்சியும் பேக்கஸும் அந்த ஊருக்கு மட்டும் வரவேண்டாம் என்று சொன்னால் மேடையில் இரண்டு ஸ்வரம் இருக்காது.

அதே பிட்ஸ்பர்க்கில் நான்கு ஆண்டு கழித்து இன்னொரு கலப்புக் குழுவுக்கு இது நடந்தது. மார்செல்ஸ் என்ற ஐவர் குழு, மூன்று கறுப்பர், இரண்டு வெள்ளையர். 1934இல் ராட்ஜர்ஸும் ஹார்ட்டும் எழுதிய ‘ப்ளூ மூன்’ பாட்டைத் தலைகீழாகப் புரட்டி, பிரெட் ஜான்சனின் பேஸ் குரல் அசைகளோடு தொடங்கினார்கள். 1961 ஏப்ரலில் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டைத் தள்ளிவிட்டு அமெரிக்காவில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது, பிரிட்டனிலும் முதலிடம். தென் மாநிலப் பயணத்தின் தொல்லைகளால் அந்த ஆண்டே ரிச்சர்ட் நாஸ், ஜீன் பிரிக்கர் என்ற வெள்ளையர் இருவரும் விலகினார்கள். ஆண்டு முடிவதற்குள் குழுவின் ‘ஹார்ட்டேக்ஸ்’ பாட்டு ஏழாம் இடம் வரை வந்தது. பிறகு அவர்களுக்கும் பெரிய வெற்றி இல்லை. பிட்ஸ்பர்க்கில் போர்க்கி செட்விக் போன்ற வானொலிக்காரர்கள் பழைய குழுப் பாட்டுகளை விடாமல் ஒலிபரப்பியதால் இந்தத் தகடுகளுக்கு அந்த ஊரில் மட்டும் வயதாகவே இல்லை.

‘கம் கோ வித் மீ’ அதற்குள் கடல் தாண்டிவிட்டது. 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலின் வூல்டன் தேவாலயத் திருவிழாவில் ஜான் லெனன் என்ற பதினாறு வயதுப் பையன் தன் குழுவோடு அதைப் பாடினான். சரியான வரிகள் தெரியாமல் சொந்தமாக வார்த்தை போட்டுப் பாடியதைக் கூட்டத்தில் நின்று பார்த்தான் பால் மெக்கார்ட்னி. பின்னாளில் பீட்டில்ஸ் குழுவில் சேர்ந்து புகழ்பெற்ற இருவரும் முதன்முதல் சந்தித்தது அன்றுதான். 1981 இறுதியில் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழு அதைத் தனித் தகடாக விட்டபோது பதினெட்டாம் இடம் வரை போனது. பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் அப்போதும் குவிக் பெயர்தான் இருந்தது.

கஸ் பேக்கஸுக்கும் கடைசியில் மாற்றல் வந்தது. பாட்டர்சன், ராபர்ட்சன், டான் ஜாக்சன் போன அதே ஜெர்மனிக்கு, வீஸ்பாடன் தளத்துக்கு. அவர் அங்கே ஒரு ஜெர்மானியப் பெண்ணை மணந்து, ஜெர்மன் மொழியிலேயே பாடத் தொடங்கினார். 1961இல் அவருடைய ‘டெர் மான் இம் மோன்ட்’ பாட்டு நாடெங்கும் ஒலித்தது. 2019இல் அவர் இறந்ததும் அந்த நாட்டில்தான்.